‘ஹார்டு டிஸ்க்கைக் காணோம்!’

‘டிஸ்க் பூட் ஃபெயிலியர், இன்சர்ட் சிஸ்டம் டிஸ்க் அண்ட் பிரஸ் என்டர்.’

பரணிலிருந்து இறக்கித் தூசு தட்டிய பழைய கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் இந்த வரி வந்து நின்றால், பாதிப் பேர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள். “டிஸ்க் போச்சு, காயலான் கடைக்குப் போடு” என்று வீட்டில் தீர்ப்பும் வந்துவிடும். ஆனால், அந்த வரி அப்படிச் சொல்லவே இல்லை. டிஸ்க் செத்துவிட்டது என்பது வேறு. டிஸ்க் கண்ணில் படவில்லை என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பேட்டரியோ, அரை அங்குல ஜம்பரோ, துருப்பிடித்த ஒரு பின்னோ இருக்கலாம்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் சாலையில் திருப்பாலைவனம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வீடு கற்பனைதான். அங்கே வரப்போகும் கோளாறுகளில் ஒன்றுகூடக் கற்பனை இல்லை. பழைய கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்க உட்கார்ந்தவர்கள் எல்லோரும் பட்ட பாடுதான்.

அந்த வீட்டுச் சித்தப்பா 2001-ல் ஒரு டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பென்டியம் 3, 128 எம்.பி. ராம், 20 ஜி.பி. ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 98. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய ‘அசெம்பிள்டு’ பெட்டி. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கோயில் நோட்டீஸ், ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்று முறை வைக்கும் ‘பாடு’ பட்டியல் எல்லாம் அதில்தான் டைப் ஆயின. 2008-ல் கடையை மூடியதும் பெட்டி பரணில் ஏறியது.

இப்போது அதை ஏன் இறக்க வேண்டும்? ஆயாவுக்காக. 2003-ல் தாத்தா இறந்தபோது, கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக அவருடைய படத்தைச் சித்தப்பா அந்தக் கம்ப்யூட்டரில்தான் ஸ்கேன் செய்தார். 2015 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து ஆல்பம் முழுக்கக் கூழாகிவிட்டது. சி.டி.யில் ஒரு நகல் போட்டு வைத்திருந்தார். உப்புக் காற்றில் அதன் வெள்ளிப் பூச்சு அப்பளம்போல உரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது அந்த 20 ஜி.பி. டிஸ்க் மட்டும்.

விடுமுறைக்கு வந்த அண்ணன் மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். பெட்டியைத் துடைத்துச் சுவிட்சைப் போடப் போன சித்தப்பாவின் கையைப் பிடித்தாள்.

“இருங்க சித்தப்பா. பவர் குடுக்கிறதுக்கு முன்னாடி திறந்து பார்க்கணும்.”

“இதுல பார்க்க என்ன இருக்கு பாப்பா? போட்டா தெரிஞ்சிடப் போகுது.”

அவள் சொன்னதுதான் சரி. பல வருஷம் தூங்கிய பெட்டிக்குத் திடீரென்று மின்சாரம் கொடுப்பது ஒரு சூதாட்டம். பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதற்கும் வங்காள விரிகுடாவுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. உப்பும் ஈரமும் கலந்த அந்தக் காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதையேதான் மதர்போர்டின் செம்புக்கும் ஈயத்துக்கும் செய்கிறது, இன்னும் பொறுமையாக.

முதலில் பிரஷ்ஷால் தூசு. பிறகு மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கபாசிட்டர்களின் தலையைப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதை மாற்றாமல் மேலே போகக் கூடாது. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் வந்த போர்டுகளில் தரம் குறைந்த கபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் புகுந்திருந்தன. அதற்கும் முந்தைய 386, 486 போர்டு என்றால் நீலப் பீப்பாய் போன்ற நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் சுற்றியிருக்கும் செம்புக் கோடுகளையே தின்றுவிடும். முதல் வேலையாக அதை வெட்டி எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது பவர் சப்ளை. ஹார்டு டிஸ்க்கின் மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மற்றதை மட்டும் ஓடவிட்டு, டி.வி. மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய மல்டிமீட்டரால் அளந்தாள். நான்கு பின் உள்ள வெள்ளை கனெக்டரில் மஞ்சள் கம்பி 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பும் பூமி. 5 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது மஞ்சளில் 11.4-லிருந்து 12.6 வரை, சிவப்பில் 4.75-லிருந்து 5.25 வரை. டிஸ்க்கின் மோட்டாரைச் சுழற்றுவது 12 வோல்ட். அதன் மூளைக்குச் சோறு போடுவது 5 வோல்ட். 12 வோல்ட் சோர்ந்திருந்தால் டிஸ்க் சுற்றாது, சுற்றாத டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் காணாது. இவர்களுக்கு 11.9, 5.1 வந்தது. (பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.)

இதெல்லாம் முடிந்த பிறகுதான் டிஸ்க்குக்கு இணைப்பு.

காது சொல்லும் முதல் சேதி

சுவிட்ச் போட்டதும் திரையைப் பார்க்காதீர்கள், காதைக் கொடுங்கள். நல்ல டிஸ்க் ‘உய்ய்ய்’ என்று மெல்ல ஏறி, ஒரே சுருதியில் நிற்கும். பிறகு ஒன்றிரண்டு ‘கிர்க்’. சத்தமே இல்லை என்றால் மின்சாரம் போகவில்லை அல்லது உள்ளே எதுவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. பழைய டிஸ்க்குகளில் படிக்கும் தலை தகட்டோடு ஒட்டிக்கொள்வது உண்டு. ‘டக்... டக்... டக்...’ என்று கடிகாரம்போல அடித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது தலை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்கும் சத்தம். ஒவ்வொரு அடியிலும் தகட்டில் எழுதியிருப்பது சுரண்டப்படலாம். அந்த நிலையில் ஜம்பரும் கேபிளும் உதவாது, டேட்டா மீட்கும் நிபுணரிடம் போவதுதான் வழி.

ஃபிரிட்ஜ் வைத்தியம் வேறு ஒன்று ஊரில் உலாவுகிறது. டிஸ்க்கை ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்பார்கள். டிஸ்க்கின் மேல் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், ‘அடைக்காதீர்கள்’ என்று எழுதியிருக்கும். உள்ளே, வெளியே காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான மூச்சுத் துவாரம் அது. குளிர்ந்த டிஸ்க்கை ஏரிக்கரைக் காற்றில் வெளியே எடுத்தால், சோடா பாட்டிலில் வியர்ப்பதுபோல அதற்கும் வியர்க்கும். அந்த விளையாட்டு வேண்டாம்.

சித்தப்பாவின் டிஸ்க் சுற்றியது. சுருதி சுத்தம். ஆனால் திரையில் ‘சிமாஸ் செக்சம் எரர்’. தேதி பல வருஷம் பின்னால் போய் நின்றது. அதற்குக் கீழே, ‘பிரைமரி மாஸ்டர்: நன்’.

“டிஸ்க்கைக் காணோம்னு சொல்லுது சித்தப்பா.”

“அதான் சொன்னேனே, போச்சுன்னு.”

“போகல. கூப்பிட்டிருக்கு, பதில் வரல. அவ்வளவுதான்.”

கம்ப்யூட்டர் எழுந்ததும் பயாஸ் செய்வது பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது மாதிரியான வேலை. கேபிளில் இருக்கும் டிஸ்க்கைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்கும். டிஸ்க் தன் பெயர், வரிசை எண், அளவு எல்லாவற்றையும் ஒப்பிக்கும். ஆரம்பத்தில் டிஸ்க்குகளுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. 1980-ல் சீகேட் விற்ற முதல் 5 எம்.பி. டிஸ்க்கும், 1983-ல் ஐ.பி.எம். எக்ஸ்.டி.யில் வந்த 10 எம்.பி. டிஸ்க்கும் வாய் திறக்காத ஊமைகள். 1984-ல் வந்த ஐ.பி.எம். ஏ.டி.யில், எந்த ரக டிஸ்க் என்பதை மனிதர் பட்டியலில் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்; அதை ஒரு பேட்டரியின் தயவில் கம்ப்யூட்டர் நினைவு வைத்துக்கொள்ளும். 1986 வாக்கில் காம்பேக்கும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் சேர்ந்து கொண்டுவந்த ஐ.டி.இ. முறைதான், கட்டுப்படுத்தும் சர்க்யூட்டை டிஸ்க்கின் முதுகிலேயே ஏற்றியது. தன் பெயரைத் தானே சொல்லும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான்.

ஆக, பேட்டரி செத்தால் பழைய கம்ப்யூட்டர் தேதியை மட்டும் மறப்பதில்லை. 486 காலத்துப் பெட்டி என்றால், தன்னிடம் டிஸ்க் இருந்ததையே மறந்துவிடும். அந்தக் காலத்துப் பெட்டிகளில் சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களைக் கையால் எழுதிக் கொடுத்தால்தான் டிஸ்க் தெரியும். அந்த எண்கள் பெரும்பாலும் டிஸ்க்கின் மேல் ஒட்டிய லேபிளிலேயே இருக்கும். லேபிளைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்.

பென்டியம் 3-ல் வேலை சுலபம். நாணயம் போன்ற சி.ஆர். 2032 பேட்டரி, 3 வோல்ட், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டு, டெலீட் பட்டனை அழுத்தி பயாஸுக்குள் போய், டிஸ்க் இருக்கும் வரியை ‘ஆட்டோ’ என்று வைத்தாள். சேமித்து வெளியே வந்தாள்.

மறுபடியும் ‘நன்’.

இரண்டு பேருக்கு ஒரே நம்பர்

இங்கேதான் சித்தப்பா நெற்றியைத் தடவிக்கொண்டு ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

“கடை மூடுறதுக்கு முன்னாடி, கூட்டாளி வீட்ல படம் காப்பி பண்ண டிஸ்க்கைக் கழட்டிட்டுப் போனேன். அதுக்கப்புறம் மாட்டினதோட சரி, ஆன் பண்ணவே இல்லை.”

பென் டிரைவ் காசுக்கு எட்டாத காலம் அது. 700 எம்.பி. படம் நாலு வேண்டுமென்றால் ஹார்டு டிஸ்க்கையே கழற்றி, துண்டில் சுற்றி, சைக்கிள் கூடையில் வைத்து நண்பன் வீட்டுக்குப் போவார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு டிஸ்க் ‘மாஸ்டர்’ ஆக இருக்கும். எனவே போன டிஸ்க்கை ‘ஸ்லேவ்’ ஆக மாற்ற வேண்டும். அதற்குத்தான் பின்பக்கம் பவர் கனெக்டருக்கும் கேபிளுக்கும் நடுவில் அந்தக் குட்டி ஜம்பர். காப்பி முடிந்து திரும்பும்போது ஜம்பரைப் பழையபடி மாற்ற எத்தனை பேருக்கு ஞாபகம் இருந்திருக்கும்?

ஒரு ஐ.டி.இ. கேபிளில் இரண்டு பேர் உட்காரலாம். ஒருவர் ஒன்றாம் நம்பர், மற்றவர் இரண்டாம் நம்பர். (மாஸ்டர், ஸ்லேவ் என்ற பெயர்கள் நாராசமானவைதான். முறைப்படியான தர ஆவணத்தில் ‘டிவைஸ் 0’, ‘டிவைஸ் 1’ என்றே இருக்கும். கடைத்தெருவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.) சித்தப்பாவின் பெட்டியில் அதே கேபிளின் நடு கனெக்டரில் ஒரு சி.டி. ரைட்டர், அது ஸ்லேவ். டிஸ்க்கும் ஸ்லேவாகவே திரும்பி வந்திருக்கிறது. ஆஜர் எடுக்கும்போது ஒன்றாம் நம்பருக்குப் பதில் இல்லை. இரண்டாம் நம்பரைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ‘உள்ளேன் ஐயா’. பயாஸுக்கு ஒன்றும் புரியாமல் ‘நன்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறது.

இந்த மாதிரி நேரத்தில் கேபிளிலிருந்து மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு டிஸ்க்கைத் தனியாக வைத்துப் பார்ப்பதே முதல் வேலை. அதிலும் ஒரு கண்ணி உண்டு. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய டிஸ்க்குகள் பலவற்றில் ‘தனியாக இருக்கிறேன்’ என்பதற்கு ஒரு நிலை, ‘மாஸ்டராக இருக்கிறேன், கூட ஸ்லேவும் இருக்கிறார்’ என்பதற்கு வேறு நிலை. தனியாக இருக்கும் டிஸ்க்கை இரண்டாவது நிலையில் வைத்தால், வராத விருந்தாளிக்காகக் காத்துக்கொண்டு அதுவும் பேசாமல் இருந்துவிடலாம். எந்த ஜம்பர் எங்கே என்ற படம் டிஸ்க்கின் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். ‘கேபிள் செலக்ட்’ என்று மூன்றாவது நிலையும் உண்டு. அதில் டிஸ்க் எந்த கனெக்டரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நம்பர் முடிவாகும். 80 இழைக் கேபிளில் நீல முனை மதர்போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு, நடுவில் இருக்கும் சாம்பல் நிறம் ஸ்லேவுக்கு. முனையைத் தலைகீழாகப் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்கள் நிறைய.

அவள் சி.டி. ரைட்டரைக் கழற்றினாள். புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஜம்பரை எடுத்து மாஸ்டரில் போட்டாள். கேபிளை உருவியபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது. 40 பின்களில் ஓரத்தில் இருந்த நாலைந்தின் அடியில் பச்சைக் களிம்பு.

உப்புக் காற்றின் கைங்கரியம். கழற்றி மாட்டுவதே பாதி மருந்து. பின்னும் கனெக்டரும் உரசும்போது மேலே படிந்த படலம் விலகும். மீதிக்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் மென்மையான பல் பிரஷ்ஷும் போதும். தண்ணீர் கூடாது, தேங்காய் எண்ணெய் கூடவே கூடாது. காய்ந்த பிறகு புதுக் கேபிள். ரிச்சி தெருவில் பழைய பாகங்கள் விற்கும் கடைகளில் தேடினால் இன்னும் கிடைக்கும். கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு ஒன்றாம் பின்னைக் குறிக்கும். பெரும்பாலான டிஸ்க்குகளில் அது பவர் கனெக்டரின் பக்கமாக வரும். ஃப்ளாப்பி டிரைவுக்கும் இதே விதிதான். அதன் கேபிளைத் திருப்பி மாட்டினால் முன்னால் இருக்கும் பச்சை விளக்கு சுவிட்ச் போட்டதிலிருந்து அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அப்படி எரிந்தால் டிரைவைக் குறை சொல்ல வேண்டாம், கேபிளைத் திருப்பினால் போதும்.

மீண்டும் சுவிட்ச். இம்முறை ‘பிரைமரி மாஸ்டர்’ என்ற வரிக்கு நேரே டிஸ்க்கின் பெயரும் மாடல் எண்ணும் வந்து நின்றன. சித்தப்பா கை தட்டினார்.

“அப்படியே விண்டோஸை விடு பாப்பா, பார்க்கலாம்!”

அவள் பட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டாள்.

கண்டுபிடித்த நிமிடத்தில்தான் ஆபத்து

தெரியாமல் டிஸ்க்கை இழப்பவர்களைவிட, தெரிந்த பிறகு இழப்பவர்கள் அதிகமாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. விண்டோஸ் 98 எழுந்தால் சும்மா இருக்காது. தற்காலிகக் கோப்புகளை எழுதும். போன முறை சரியாக அணைக்கவில்லை என்றால் ஸ்கேன் டிஸ்க் ஓடி, தனக்குப் புரியாததையெல்லாம் ‘சரி’ செய்யும். பல வருஷத் தூக்கத்துக்குப் பின் எழுந்த டிஸ்க், முழுதாக இன்னும் ஒரு மணி நேரம்தான் ஓடும் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு மணி நேரத்தை எதற்குச் செலவு செய்வது? நகல் எடுப்பதற்கு மட்டும்.

அதற்கு ஐ.டி.இ.யை யு.எஸ்.பி.யாக மாற்றும் அடாப்டர் இருக்கிறது. மேசை கம்ப்யூட்டரின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும் என்பதால், தனி பவர் அடாப்டரோடு வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். ஜம்பர் மாஸ்டரிலோ, தனி நிலையிலோ இருக்கட்டும். லேப்டாப்பில் செருகியதும் விண்டோஸ் சில சமயம் அன்பாக ஒரு கேள்வி கேட்கும்: ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும். செய்யவா?’ பத்து நாள் உழைப்பை ஒரு விரல் தொலைக்கும் இடம் அதுதான். ‘வேண்டாம்’ என்பதைத் தவிர வேறு பதிலே கிடையாது.

அவள் பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, ‘டிடிரெஸ்க்யூ’ என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினாள். சாதாரண காப்பி ஒரு கெட்ட இடத்தில் மோதினால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படியல்ல. சுலபமாகப் படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு திரும்பிப் போய்ச் சிறிது சிறிதாகக் கொத்தும். கரண்ட் போனாலும் கவலையில்லை. குறிப்பேடு இருப்பதால் விட்ட இடத்திலிருந்து தொடரும். நல்ல பகுதி முழுக்க அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. மிச்சமிருந்த சில இடங்களுக்கு ராத்திரி முழுக்க ஆனது. ஆயா பக்கத்தில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். “ராத்திரியெல்லாம் அது என்னத்தடி மெல்லுது?” என்று நடுவில் ஒரு முறை கேட்டார்.

காலையில் நகலைத் திறந்தபோது அடுத்த சிக்கல். பத்திரிகைகள், நோட்டீஸ்கள், ‘பாடு’ பட்டியல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் எல்லாமே அர்த்தமில்லாத ஆங்கிலக் கிறுக்கல். டிஸ்க்கின் கோளாறு இல்லை இது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஒரு குறியீடு வைத்திருந்தது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று பொதுக் குறியீடுகளை அறிவித்தது. யூனிகோடை அரசு ஏற்றது 2010-ல்தான். நடுவில் டைப் ஆனதெல்லாம் அந்தந்த எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும். நல்ல வேளையாக அவள் முழு டிஸ்க்கையும் நகலெடுத்திருந்தாள். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரும் கூடவே வந்துவிட்டது. பழைய டிஸ்க்கிலிருந்து ‘நமக்கு வேண்டிய ஃபைலை மட்டும்’ எடுப்பவர்கள் மறப்பது இதைத்தான்.

மீனவர் குப்பங்களில் இருந்த கம்ப்யூட்டர்கள் சும்மா பத்திரிகை அடிக்க மட்டும் இருந்தவை அல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிப் பகுதியில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தில், வீராம்பட்டினம் குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை இறக்கி, ஒலிபெருக்கியில் தமிழில் படிப்பார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாடு குப்பத்தில், அதே திட்டத்தின் ஒலிபெருக்கியில் சொன்ன எச்சரிக்கையால் மக்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தார்கள். அந்த மாதிரிப் பெட்டிகளும், அந்தக் காலத்துக் கடைப் பெட்டிகளும் எத்தனை காயலான் கடைக்குப் போயிருக்கும் என்று யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? ‘டிஸ்க்கைக் காணோம்’ என்ற ஒரு வரியை நம்பிப் போனவையும் அதில் இருக்கும்.

நகல் பத்திரமானதும் சித்தப்பாவுக்குத் தன் பெட்டியையே மறுபடி ஓட்டிப் பார்க்கும் ஆசை வந்தது. பழைய டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, வீட்டில் கிடந்த 80 ஜி.பி. டிஸ்க்கை மாட்டினார்கள். டிஸ்க்கைத் தேடும் வரியிலேயே கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. இதுவும் டிஸ்க்கின் தப்பில்லை. அந்த மதர்போர்டு 1999-ல் வந்தது. அந்தக் காலத்து பயாஸ்கள் சிலவற்றுக்கு 33.8 ஜி.பி.க்கு மேல் எண்ணத் தெரியாது. ஒவ்வொரு காலத்துக்கும் இப்படி ஒரு சுவர் உண்டு. 486 காலத்தில் 1,024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர், ஒவ்வொன்றிலும் 512 பைட், பெருக்கினால் 52.8 கோடி பைட், அதாவது 504 எம்.பி. அதற்கு மேல் டிஸ்க் வாங்கினால் கண்ணுக்கே தெரியாது. பிறகு 8.4 ஜி.பி.யில் ஒரு சுவர், 33.8-ல் ஒன்று, 137-ல் ஒன்று. பெரிய டிஸ்க்குகள் சிலவற்றில் ‘நான் 32 ஜி.பி.தான்’ என்று பொய் சொல்ல வைக்கும் ஜம்பர் இருக்கும். இல்லையென்றால் பழைய கேமராக்களின் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டும், அதை ஐ.டி.இ.யில் மாட்டும் சின்ன அடாப்டரும் போதும். சத்தம் இல்லை, சூடு இல்லை, உப்புக் காற்றில் சுழல வேண்டிய மோட்டாரும் இல்லை. 16 ஜி.பி. கார்டு அந்த பயாஸுக்கு உடனே தெரிந்தது. சித்தப்பா சாலிடேர் ஆட உட்கார்ந்துவிட்டார்.

தாத்தாவின் படம்? முதல் நாள் காலையிலேயே கிடைத்துவிட்டது. போஸ்டருக்காக வெட்டிய படம், தோள் வரைக்கும். லேப்டாப்பை ஆயாவின் மடிக்கு நேரே வைத்தார்கள். அவர் வெகு நேரம் பார்த்தார்.

“நான் எங்கடி? இது நானும் அவரும் பொன்னேரி ஸ்டுடியோவுல எடுத்ததாச்சே.”

சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். போஸ்டருக்காக ஆயாவை வெட்டியவர் அவர்தான். “முழுசா ஸ்கேன் பண்ணதும் தனியா வெச்சிருப்பேன்” என்று சந்தேகத்தோடு சொன்னார். ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடியதில் ‘அப்பா_முழுசு’ என்று ஒரு ஃபைல் இருந்தது. டிடிரெஸ்க்யூ ராத்திரி முழுக்கக் கொத்தியும் எடுக்க முடியாமல்போன இடங்களில் ஒன்று அந்த ஃபைலுக்குள்தான் விழுந்திருந்தது. திறந்தபோது படம் மேலிருந்து இறங்கிக்கொண்டே வந்து முக்கால் பாகத்தில் நின்றது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை.

தாத்தாவின் செருப்பும் ஆயாவின் புடவைக் கரையும் போய்விட்டன. முகங்கள் இரண்டும் இருந்தன.

“புடவை கரை மாம்பழக் கலரு” என்றார் ஆயா. “எனக்குத் தெரியும், விடு.”